மேல்மடை வேலன் சொன்ன அளவுகள்

இது இட்டுக்கட்டியது இல்லை. கிருபாவை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இப்படி ஒரு உத்தரவாதமே தேவைப்பட்டிருக்காது. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "எத்தனை மணிக்குப் பாத்தீங்க, எவ்வளவு தூரத்துல பாத்தீங்க?" என்று கேட்டே வாயை அடைத்துவிடுகிற ரகம் அவள். என்னிடம் இதைச் சொன்னபோதுகூட ஒரு நோட்டைப் பிரித்து வைத்து, நேரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் சொன்ன நேரங்களை அப்படியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஈச்சம்பள்ளம் என்று ஒரு காட்டாறு. இந்தப் பக்கம் காட்டாற்றைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். வருடத்தில் பத்து மாதம் அதில் ஆடு மேயும். ஆனால் மலையில் ஒரு பாட்டம் கொட்டிவிட்டால், கீழே தூறல்கூட இல்லாத நேரத்தில், முக்கால் மணி நேரத்துக்குள் ஆள் உயரத் தண்ணீர் வந்துவிடும். அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா என்பதுதான் கிருபாவின் ஆராய்ச்சி. இரண்டு வருடமாக அந்தப் பள்ளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஏற்பாடு சிக்கலானதில்லை. ஆறு கிலோமீட்டர் மேலே, காட்டு எல்லையில், மேல்மடை என்ற இடத்தில் பள்ளத்துக்குள் ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. அதற்குள் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அது தன் ரேடியோவில் அளவைக் கீழே அனுப்பும். கீழே தரைப்பாலத்தை ஒட்டி ஓர் அறை, அறைக்குள் கிருபாவும் லேப்டாப்பும், கூரைமேல் ஒரு சைரன். மில் சங்கு மாதிரியே கத்துவதால் ஊர்க்காரர்களுக்கு அது சங்கு. மேல்மடையில் நூற்றைம்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் சங்கை ஊத வேண்டும். பாலத்துக்குக் கீழே, கரையை ஒட்டிய தென்னந்தோப்பில், தேங்காய் உரிக்கிறவர்கள் குடியிருக்கும் பதினாலு சாளைகள், அதாவது சின்னக் குடிசைகள், இருந்தன. சங்கு அவர்களுக்காகத்தான்.

அக்டோபரில் ஒரு முறை ஊதியிருந்தாள். கணக்கு பிசகிவிட்டது. எல்லாரும் சோற்றில் கை வைத்திருந்த நேரம். அப்படியே போட்டுவிட்டுக் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையில் மேட்டுக்கு ஓடினார்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் நஞ்சம்மாள் என்ற பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதுதான் மிச்சம். மறுநாள் தோப்பு மேஸ்திரி பிரவின்குமார் வந்து நின்றான். கொங்கு நாட்டில் மிரட்டல்கூட மரியாதையோடுதான் வரும்.

"ஏனுங்க மேடம், இன்னொருக்கா சும்மா சங்கு ஊதுனீங்கன்னா ஒயரை நானே புடுங்கிப் போட்டுருவனுங்க."

அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியர் வரதராஜுலு வேறு மாதிரி சொன்னார். "இன்னொரு தப்பு நடந்தா புராஜெக்டை மூடிருவாங்கம்மா. அப்புறம் அந்தப் பள்ளத்துல எவனும் சங்கு வெக்க மாட்டான். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. டீக்கடையில் இடம் விட்டார்கள், பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சரவணம்பட்டியில் அவள் எடுத்திருந்த ஒற்றை அறையிலும் பேச ஆளில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் அதே சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மா அண்ணனோடு துபாயில் இருந்தார். அந்த வியாழக்கிழமையோடு, பஸ் கண்டக்டரைத் தவிர இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுப் பேசி நாலு நாள் ஆகியிருந்தது. அவளே எண்ணிப் பார்த்துச் சொன்னது இது.

சாயங்காலம் ஐந்து ஐம்பது. மலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. மின்னல் வெட்டியது, இடி மட்டும் கேட்கவில்லை. கீழே லேசான தூறல். மொபைலில் சிக்னல் போய்விட்டது. வனத்துறை செக்போஸ்ட்டையாவது பிடிக்கலாம் என்று, அலமாரியில் கிடந்த பழைய வாக்கி-டாக்கியை எடுத்துச் சார்ஜில் போட்டு ஆன் செய்து வைத்தாள். சென்சார் வருவதற்கு முன்னால், மேல்மடையில் ஓர் ஆள் நின்று அளவுக்கல்லைப் பார்த்துச் சொன்ன காலத்துப் பொருள் அது. இப்போது அதை யாரும் தொடுவதில்லை.

சரியாக 6.15. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஏனுங்க... கீழ ஆராச்சும் இருக்கறீங்களா?"

வயதான ஆண் குரல். கிருபா எடுத்தாள். "இருக்கேங்க. யாருங்க பேசறது?"

"மேல்மடையிலிருந்து வேலன் பேசறனுங்க. மணி ஆறே கால். நாப்பத்திரண்டுங்க."

லேப்டாப்பைப் பார்த்தாள். 42. மழைக் காலத்துக்கு மட்டும் மேலே ஒரு காவல் ஆளைப் போடுகிறேன் என்று பேராசிரியர் போன வாரம் சொல்லியிருந்தார். போட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு, "சரிங்க" என்றாள்.

அவர் லைனிலேயே காத்திருப்பது தெரிந்தது.

"நாப்பத்திரண்டுங்க, அம்மணி. நீங்க திருப்பிச் சொல்லோணுமுங்க. கீழ எழுதிட்டாங்கன்னு காதுல உழுந்தாத்தானுங்க மேல நிக்கறவன் எடத்தை உட்டு நகரலாம். அதானுங்க மொறை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நாப்பத்திரண்டு. எழுதிட்டேங்க."

"நல்லதுங்க... சாப்டீங்களா?"

அப்படித் தன்னை யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். "இனிமேதாங்க" என்று சொன்னபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. நோட்டை எடுத்தாள். 6.15 - 42 - வேலன் என்று எழுதினாள். அடுத்த கால் மணி நேரம் எப்போது வரும் என்று காத்திருந்தாள் என்பதையும் என்னிடம் மறைக்காமல் சொன்னாள்.

6.30.

"வேலனுங்க. ஆறரை மணி. அம்பத்தஞ்சுங்க."

லேப்டாப்பில் 42. ஸ்கிரீனில், ஆபத்தில்லை என்கிற பச்சை விளக்கு.

"அம்பத்தஞ்சு, எழுதிட்டேங்க. ஆனா சென்சார் நாப்பத்திரண்டுன்னுதான் காட்டுதுங்க."

"தண்ணி காலை நனைச்சுப்போட்டுதுங்க, அம்மணி."

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தமே இல்லை. வேறு ஏதோ சத்தம். டக்... கிறீச்... டக்... கிறீச்... பழைய சீலிங் ஃபேன் சுற்றுகிற மாதிரி. காட்டுக்குள் ஏது ஃபேன்? லைன் கோளாறு என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

6.45.

"தொண்ணூறுங்க."

லேப்டாப்பில் 42.

"தொண்ணூறு... எழுதிட்டேங்க. நீங்க எங்க நின்னு பாக்கறீங்க?"

"கடைசிப் படிலீங்க. எப்பவும் நிக்கற எடந்தான்."

மேல்மடையில் கரையிலிருந்து பள்ளத்துக்குள் படிகள் இறங்கும். கடைசிப் படி இருப்பது நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில். போன மாதம் அவளே அதில் உட்கார்ந்து பாசி சுரண்டியிருக்கிறாள். தொண்ணூறில் நாற்பது போக ஐம்பது. முழங்கால் வரைக்கும் தண்ணீர்.

"மேல ஏறி நின்னு டார்ச் அடிச்சுப் பாருங்களேன்!"

"இங்க நின்னாத்தானுங்க சரியாத் தெரியும்."

டக்... கிறீச்... டக்... கிறீச்...

குரல் வரும்போது வாக்கி-டாக்கியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

அவள் வெளியே ஓடினாள். பாலத்தடியில் கணுக்கால் தண்ணீர். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. சாளைகளில் விளக்கு எரிந்தது, ஏதோ ஒரு வீட்டு டிவியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இப்போது சங்கை ஊதி, தண்ணீரும் வராவிட்டால்? ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே வெள்ளம் வரும் அன்று அந்தப் பதினாலு சாளைகளுக்கும் சொல்ல ஆளிருக்காது. ஊதாமல் இருந்து, தண்ணீர் வந்துவிட்டால்?

ஸ்கிரீன் ஒன்று சொல்கிறது. ஒரு குரல் வேறு சொல்கிறது.

7.00.

"நூத்தி முப்பத்தஞ்சுங்க."

இடுப்பளவு.

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மூச்சு வாங்கவில்லை.

"நூத்தி முப்பத்தஞ்சு... அய்யா, ஏறிடுங்க! தயவுசெஞ்சு ஏறிடுங்க!"

"ஆராச்சும் இருக்கறீங்களே, அது போதுமுங்க. நாஞ்சொல்றதை ஒருத்தரு கேட்டு ரொம்ப நாளாச்சுங்க."

லேப்டாப்பில் 42. பச்சை.

அவள் எழுந்து சங்கின் சுவிட்சுக்குக் கீழே போய் நின்றாள்.

7.10...

7.13...

7.15.

"நூத்தி எம்பத்தஞ்சு."

கழுத்து.

அதே குரல். அதே நிதானம்.

சுவிட்சை அழுத்தினாள்.

சங்கு அலறியது. அவள் வாக்கி-டாக்கியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினாள். "நூத்தி எம்பத்தஞ்சு! எழுதிட்டேங்க! சங்கு ஊதிட்டேன்! நீங்க போயிடுங்க... இனி நான் பாத்துக்கறேன்!"

டக்... கிறீச்...

"அப்படீங்களா" என்றது குரல். நிம்மதியாக.

"அப்ப நானு போறேனுங்க."

இந்தப் பக்கத்தில் அடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள்கூட "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார்கள். "போறேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மணி 7.17. அதற்குமேல் சத்தமில்லை.

7.22க்குப் பிரவின்குமார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் கட்டிங் பிளேயர்.

"பள்ளத்துல தண்ணி எங்கீங்க மேடம்? இல்ல, எங்கீங்கன்னு கேக்கறேன்!"

கிருபா லேப்டாப்பை மூடினாள். பச்சை விளக்கை அவன் பார்த்துவிடக் கூடாது. "அரை மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துங்க. தண்ணி வரலைன்னா ஒயரை நானே புடுங்கிக் குடுத்துட்டு ஊரை விட்டே போயிடறேன்."

"மிசின்ல என்னங்க காட்டுது?"

"மேல ஆள் நிக்கறாருங்க. அவர் சொன்னாரு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கட்டிங் பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஆளு சொன்னாருங்களா. அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தோப்பைப் பார்த்து ஓடினான். மிசினை நம்பாதவன் ஆளை நம்பினான்.

7.41க்குத் தவளைகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில். சேற்று வாடை வந்தது.

7.53க்குத் தண்ணீர் வந்தது. முதலில் கல் உருளும் சத்தம். அப்புறம் வேர், மரம், மாட்டுத் தொட்டி எல்லாவற்றையும் சேர்த்து உருட்டிக்கொண்டு அது பாலத்தின் மேலேயே ஏறிப் போனது. பதினாலு சாளைகளில் ஒன்பது அந்த இடத்தில் இல்லை. மேட்டில் டார்ச் வெளிச்சத்தில் தலைகளை எண்ணினார்கள். அறுபத்தொரு பேர், ஒருவர்கூடக் குறையவில்லை. இரண்டாவது தடவையும் எண்ணினார்கள், அறுபத்தொன்றுதான். கையில் கட்டோடு நஞ்சம்மாள் வந்து கிருபாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிருபாவும் அழுதாள். அவள் அழுதது மேல்மடையில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற ஆளுக்காக.

விடிந்ததும் மேலே போனாள். வனக்காவலர் பீர் முகம்மது கேட்டைத் திறந்துவிட்டுக் கூடவே வந்தார்.

"நேத்து மூணு மணிக்கே பூட்டிட்டேன்மா. யானை நடமாட்டம் இருக்குன்னு ஒருத்தரையும் உள்ள விடலை. எந்த ஆளு?"

படிகளில் யாரும் இல்லை. செருப்புத் தடம் இல்லை. இரும்புக் குழாயில் தண்ணீர் நுழைகிற அடி வாயை வண்டல் இறுக அடைத்திருந்தது. வெளியே வெள்ளம் ஏறி இறங்கியிருக்கிறது, உள்ளே இருந்த தண்ணீர் நாற்பத்திரண்டிலேயே நின்றிருக்கிறது. வெறும் அந்தக் குழாயை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியர் முன்னால் நோட்டை வைத்தாள். அவர் படித்தார். எழுந்து போய் ஓர் அலமாரியைத் திறந்தார். ஜோடி வாக்கி-டாக்கியில் மற்றது அங்கே கிடந்தது. பேட்டரி உப்பிப்போய், கழற்றி வீசி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"நான் இன்னும் ஆளே போடலையேம்மா" என்றார். நோட்டில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்து, "வேலன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடம் மேல்மடையில் அளவு பார்த்தவர் வேலன். இரண்டரை வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. மனைவி மயிலாத்தாள் அவரை, மலையிலிருந்து வெகுதூரம் கிழக்கே இருக்கும் தன் சொந்த ஊரான காங்கேயத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்ததுதான் சென்சார். பேராசிரியரிடம் விலாசம் மட்டும் இருந்தது. "ஒரு தடவை போய்ப் பாக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை கிருபா பஸ் ஏறினாள். காங்கேயத்தில் வெயில் சுட்டெரித்தது. வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒற்றை அறை வீடு. வெறும் கயிற்றுக் கட்டில். அதற்கு மேலே ஃபேன் சுற்றியது. டக்... கிறீச்... டக்... கிறீச்...

கிருபா தலையைத் தூக்கி அந்த ஃபேனையே பார்த்தாள்.

மயிலாத்தாள் தேங்காய் எண்ணெய் மில் ஒன்றின் களத்தில் கொப்பரை காய வைக்கும் வேலைக்குப் போகிறவர். அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "ஆபீஸ்லிருந்து ஒருத்தராச்சும் வந்தீங்களே, சாமி" என்றார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார்.

"ரெண்டரை வருசமா ஒரு வார்த்தை இல்லீங்க. பதில் வராதுன்னு நாங்களும் பேசறதை உட்டுப்போட்டோம். காலைல களத்துக்குப் போனா நான் பொழுதோட வருவேன், அதுவரைக்கும் அவரு ஒண்டியா அந்த ஃபேனைப் பாத்துட்டே கெடப்பாரு. வியாழக்கெழமை ஆறே காலுக்கு, நான் அடுப்புப் பத்த வெக்கறேன், பின்னால பேச்சுச் சத்தம் கேக்குதுங்க. திரும்பிப் பாத்தா இவருதான். ஏதோ நம்பர் சொல்றாரு. சொல்லிப்போட்டுக் காத்திருக்கறாரு, எதிர்ல ஆரோ பதில் சொல்ற மாதிரி. அப்பறம் சாப்டீங்களாங்கறாரு. என்னைத்தான் கேக்கறாருன்னு அழுதுட்டே பக்கத்துல போயி உக்காந்தனுங்க."

கிருபா பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் பிரித்தாள்.

"கால் மணிக்கொருக்கா நம்பருங்க. ரெண்டாவது நம்பரு சொன்னப்ப, பாதம் ரெண்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடந்துதுங்க. படுக்கைல போயிட்டாரு போலன்னு தொடைச்சுட்டேன். அடுத்த நம்பருக்கு முழங்கால் வரைக்கும் ஈரம். வேட்டியை மாத்துனேன். ஏழு மணிக்கு இடுப்பு வரைக்கும். மறுக்கா மாத்துனேன். தொடைக்கற துணியெல்லாம் மணலுங்க. ஏழே காலுக்கு இன்னொரு நம்பரு சொன்னாரு. அப்பறம் 'போறேனுங்க'ன்னாரு. டாக்டரு வந்து பாத்துட்டு மூச்சு முட்டிப் போயிருக்குதுன்னாருங்க."

மயிலாத்தாள் கையை உயர்த்தித் தன் கழுத்தின் மேல் வைத்துக் காட்டினார்.

"கடைசியா இங்க வரைக்கும் ஈரமுங்க, அம்மணி. அன்னிக்கிக் காங்கேயத்துல ஒரு பொட்டு மழை இல்லீங்க."